பெஸ்ட் கண்ட்ரோல் தொழிலுக்குப் புதிதாக வருவோருக்கு: உரிமம், மருந்து, ஆய்வு

கரப்பானுக்கும் கரையானுக்கும் மருந்தடிக்கும் தொழிலைத் தொடங்க நினைப்பவர் முதலில் படியேறுவது பெரும்பாலும் மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவில்தான். கொசு மருந்து அடிப்பவர்கள் அவர்கள்தானே, உரிமமும் அங்கேதான் கிடைக்கும் என்று ஒரு கணக்கு. கணக்கு தப்பு. வீட்டுச் சமையலறையில் ஜெல் வைப்பதாக இருந்தாலும் உரிமம் தருவது வேளாண்மைத் துறை.

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1958இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூறுக்கும் மேற்பட்டோர் உணவில் கலந்த நஞ்சால் இறந்தார்கள். பாரத்தியான் என்ற பூச்சிமருந்தும் உணவுப் பொருளும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு, மருந்து கசிந்து உணவில் சேர்ந்ததுதான் காரணம். நீதிபதி ஷா தலைமையிலான விசாரணை ஆணையம், அதன் பின் ஒரு நிபுணர் குழு என்று பத்தாண்டு நகர்ந்து, 1968இல் பூச்சிக்கொல்லிகள் சட்டமும் 1971இல் அதன் விதிகளும் வந்தன. பயிர் மருந்தை மனதில் வைத்து எழுதிய சட்டம் என்பதால் பொறுப்பு வேளாண்மைத் துறைக்குப் போனது. சட்டம் வயலைப் பார்த்து எழுதப்பட்டது. நீங்கள் வேலை செய்யப்போவது படுக்கையறையில். கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்தப் பொருத்தமின்மையிலிருந்து முளைப்பவை.

யார் எதற்குப் பொறுப்பு

எந்த மருந்து இந்தியாவில் இருக்கலாம் என்பதை முடிவு செய்வது ஃபரிதாபாத். மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியமும் பதிவுக் குழுவும் அங்கே இருக்கின்றன. வாரியம் ஆலோசனை சொல்லும். ஒவ்வொரு மருந்தையும், அதன் செறிவையும், எந்தப் பூச்சிக்கு எந்த இடத்தில் எவ்வளவு என்பதையும் ஆராய்ந்து பதிவெண் தருவது பதிவுக் குழு. அந்தப் பதிவில் உள்ளதுதான் டப்பாவின் லேபிளிலும் உள்ளே மடித்து வைத்திருக்கும் துண்டறிக்கையிலும் அச்சாகிறது.

அந்த மருந்தை யார் விற்கலாம், யார் கூலிக்கு அடிக்கலாம் என்பதை முடிவு செய்வது மாநில அரசு. அதற்காக உரிம அதிகாரிகளையும் பூச்சிக்கொல்லி ஆய்வாளர்களையும் மாநிலம் நியமிக்கிறது. தமிழ்நாட்டில் இவர்கள் வேளாண்மைத் துறை அலுவலர்கள். மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போய், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு எது என்று கேட்பதே முதல் வேலை.

வீட்டுக்குள் நின்று மருந்து கலக்கும் நேரத்தில் இந்த இரண்டு அலுவலகங்களும் உங்கள் பக்கத்தில் இல்லை. அப்போது உங்கள் கையில் இருக்கும் சட்டம் லேபிள் மட்டுமே. அதில் இல்லாத பயன்பாடு, பதிவில் இல்லாத பயன்பாடு.

உரிமம் யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்

சட்டத்தின் 38ஆம் பிரிவு, தன் வீட்டிலும் தன் தோட்டத்திலும் தான் பயிரிடும் நிலத்திலும் தானே மருந்தடிப்பவருக்கு விலக்கு தருகிறது. அதே ஆள் பக்கத்து வீட்டில் காசு வாங்கிக்கொண்டு அதே மருந்தை அடித்தால் அது வணிகப் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணி; 13ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். அளவு சிறிது, மணமே இல்லாத ஜெல், மூலிகை மருந்து என்பதெல்லாம் விலக்கு ஆகாது. வேப்பங்கொட்டையிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின்கூடப் பதிவு பெற வேண்டிய பூச்சிக்கொல்லிதான். "எங்களுடையது ஹெர்பல் சார்" என்று சொல்லி உரிமமில்லாமல் ஓடும் வேலைகள் நகரங்களில் நிறைய நடக்கின்றன. டப்பாவில் பதிவெண் இல்லையென்றால் உள்ளே இருப்பது என்னவென்று அடிப்பவருக்கே தெரியாது.

எலிப்பொறி, பசை அட்டை, கொசு வலை, புறா வலை, சந்து பொந்து அடைத்தல் இவற்றுக்கு இந்தச் சட்டத்தில் உரிமம் கேட்கப்படுவதில்லை. உரிமம் கைக்கு வரும்வரை இந்த வேலைகளைச் செய்தே வாடிக்கையாளர்களைச் சேர்க்கலாம். உண்மையில் எலி வேலையில் பாதி வெற்றி ஓட்டையை அடைப்பதில்தான் இருக்கிறது.

தகுதியும் பயிற்சியும்

விதி 10(3அ) கேட்பது இது: விண்ணப்பிப்பவர் வேளாண்மைப் பட்டதாரியாகவோ வேதியியலை ஒரு பாடமாகப் படித்த அறிவியல் பட்டதாரியாகவோ இருக்க வேண்டும், அதோடு குறைந்தது 15 நாள் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். சான்றிதழ் எங்கிருந்து வந்தாலும் செல்லாது. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், ஹாபூரில் உள்ள தானியச் சேமிப்பு மேலாண்மை நிறுவனம், ஐதராபாத் ராஜேந்திரநகரில் உள்ள தேசியத் தாவர நல மேலாண்மை நிறுவனம் ஆகியவையே விதி ஏற்கும் இடங்கள். நம் ஊரிலிருந்து மைசூரும் ஐதராபாத்தும் பக்கம்.

மூன்று இடத்தில் புதியவர்கள் வழுக்குகிறார்கள். முதலாவது, விலங்கியல், தாவரவியல் படித்தவர்கள் பட்டச் சான்றிதழை மட்டும் இணைப்பது. வேதியியல் துணைப்பாடமாக இருந்ததைக் காட்ட மதிப்பெண் பட்டியலும் வேண்டும். இரண்டாவது, பயிற்சிக்கு முன்பே கடை வாடகைக்கு எடுத்துவிடுவது. பயிற்சி வகுப்புகள் ஆண்டு அட்டவணைப்படிதான் நடக்கும். இடம் கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் வாடகை வீணாகும். எனவே பயிற்சிக்கு இடம் உறுதியான பிறகே கடை பாருங்கள்.

மூன்றாவதுதான் மோசமானது: சான்றிதழை வாடகைக்கு வாங்குவது. பட்டமும் பயிற்சியும் உள்ள ஒருவரின் பேரைத் தாளில் போட்டு, அவருக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுத்து, அவர் கடைப்பக்கமே வராமல் ஓட்டுவது. அவர் விலகிக்கொண்ட அன்றே உரிமத்தின் கால் ஒடிந்துவிடும். விபத்து நடந்தால் வழக்கு அவர் மீதும் உங்கள் மீதும் சேர்ந்து வரும். நிறுவனமாக இருந்தால், அதை நடத்தும் பொறுப்பில் இருந்த ஒவ்வொருவரையும் 33ஆம் பிரிவு குற்றவாளியாகக் கருதுகிறது. உங்களுக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ளவரை உண்மையான சம்பளத்தில், உண்மையான வேலைக்கு வையுங்கள்.

விண்ணப்பம்

விண்ணப்பப் படிவத்தோடு கேட்கப்படும் காகிதங்களைக் கையோடு திரட்டிக்கொள்ளுங்கள்: பட்டச் சான்றும் மதிப்பெண் பட்டியலும், பயிற்சிச் சான்று, அடையாள ஆவணம், கடை அல்லது கிடங்கின் வாடகை ஒப்பந்தம் அல்லது சொத்து வரி ரசீது, இடத்தின் வரைபடம், பயன்படுத்தப்போகும் மருந்துகளின் பட்டியல், கருவிகள் மற்றும் பாதுகாப்பு உடைகளின் பட்டியல், கட்டணம் செலுத்திய சலான். கட்டணத் தொகை அவ்வப்போது திருத்தப்படுவதால் அலுவலகத்தில் கேட்டே கட்டுங்கள்; தவறான கணக்குத் தலைப்பில் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற அலைவது பெரிய தலைவலி.

உரிமம் ஆளோடு நடமாடாது, இடத்தோடு கட்டப்பட்டது. தாம்பரத்திலும் ஆவடியிலும் கிடங்கு வைத்தால் இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மாநில உரிம அதிகாரியின் அதிகாரம் அந்த மாநில எல்லையோடு முடிகிறது. விழுப்புரத்தில் உரிமம் வைத்துக்கொண்டு புதுச்சேரியில் கிளை திறந்தால் அங்கே அது வெறும் காகிதம்.

உள்ளாட்சியின் தொழில் உரிமமும், ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் தனி. இவை இருப்பதால் வேளாண் துறை உரிமம் இருப்பதாக ஆகிவிடாது. வாடிக்கையாளர்களில் பலருக்கு இந்த வேறுபாடு தெரியாது. சுவரில் மாட்டிய ஜி.எஸ்.டி. சான்றையே "கவர்மென்ட் லைசென்ஸ்" என்று காட்டி ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள்.

கிடங்கை ஆய்வாளர் பார்க்க வருவார். மருந்துக்குத் தனி அறை, அல்லது சரக்கு குறைவாக இருந்தால் பூட்டுள்ள தனி அலமாரி வேண்டும். அறை உறுதியாக, ஈரமின்றி, வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ளதாக இருக்க வேண்டும். உணவுப் பொருளோ கால்நடைத் தீவனமோ அருகில் இருக்கக் கூடாது என்கின்றன விதிகள். 1958இன் கப்பல்தான் இந்த வரிகளை எழுதியது என்று வைத்துக்கொள்ளலாம். பலர் தவறுவது எங்கே தெரியுமா? ஊழியர்களின் டிபன் பாக்ஸ், தண்ணீர் கேன், டீத்தூள் டப்பா எல்லாம் மருந்து அறையின் தட்டிலேயே இருக்கும். ஆய்வாளர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

மருந்து வாங்கும்போது

பில் இல்லாமல் ஒரு மில்லி மருந்தும் வாங்காதீர்கள். பில்லில் மருந்தின் பேர், செறிவு, தொகுதி எண், காலாவதி நாள், விற்பவரின் உரிம எண் இருக்க வேண்டும். டப்பாவில் சி.ஐ.ஆர். என்று தொடங்கும் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு லேபிளில் உள்ள சாய்சதுரத்தைப் பாருங்கள். அதன் கீழ்ப்பாதி நிறம் நச்சின் அளவைச் சொல்கிறது: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் கடும் நஞ்சு, நீலம் மிதமானது, பச்சை குறைவானது. கணக்காகச் சொன்னால், சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் வாய்வழி அளவு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை இருந்தால் சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. குடும்பங்கள் வசிக்கும் வீட்டுக்குள் நீலம், பச்சை தாண்டிப் போகாமல் தொழில் நடத்த முடியும். கீழ்ப்பாதி சிவப்பாக உள்ள பொருளை வீட்டு வேலைப் பையில் வைக்கவே கூடாது.

விலை ஆசைக்கு ஆட்பட்டு எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு: உரக்கடையில் கிடைக்கும் பயிர் மருந்தை வீட்டுக்குள் அடிப்பது. பருத்திக்கான சைபர்மெத்ரின் 25 சதவீதக் கரைசலும் வீட்டு உபயோகத்துக்கான பொருளும் ஒரே வேதிப்பொருள்தானே என்று கேட்பார்கள். வேதிப்பொருள் ஒன்று, கரைப்பான் வேறு. பயிர் மருந்தின் கரைப்பான் மூடிய அறையில் நாள்கணக்கில் நாறும், கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், பெயின்டிலும் மரச்சாமானிலும் கறை விடும். அதைவிட, அந்த லேபிளில் பருத்தி, கத்திரி, வெண்டை என்று இருக்கும். சமையலறை என்று இருக்காது. நோயாளி ஆன வாடிக்கையாளர் அந்த டப்பாவைப் படம் பிடித்துப் புகார் தந்தால் உங்களுக்குச் சொல்லப் பதில் இராது.

தடைப் பட்டியலை அச்சிட்டுக் கிடங்குச் சுவரில் ஒட்டுங்கள். மூட்டைப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் ஒரு காலத்தில் எல்லோரும் கேட்ட டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை. ஃபென்தியானும் டயசினானும் 2018 ஆகஸ்டிலேயே போய்விட்டன. கரையானுக்குப் போட்ட ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் 1996இலேயே முடிந்த கதை. லிண்டேனும் அதன் பின் போனது. "பழைய மருந்துதான் சார் கேட்கும், அதை அடிங்க" என்று வீட்டுக்காரர் வற்புறுத்துவார். பழைய சரக்கு யாரிடமாவது இருக்கும்; வாங்கி அடித்தால் குற்றம் உங்களுடையது, வீட்டுக்காரருடையது அல்ல.

தமிழ்நாடு தனியாகவும் கை வைக்கும். சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, ஆபத்து என்று கருதும் மருந்தின் விற்பனையையும் பயன்பாட்டையும் மாநில அரசு 60 நாள் நிறுத்தி வைக்கலாம். மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். தற்கொலைகளைக் குறைக்கும் நோக்கில் மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் உட்பட ஆறு மருந்துகளை இப்படி 60 நாள் நிறுத்தியது. மூன்று சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசையையும் தடை செய்தது. கல்லீரலைச் சிதைக்கும் அந்த நஞ்சுக்கு மாற்று மருந்தே கிடையாது. எங்காவது பெட்டிக்கடையில் அது தென்பட்டாலும் உங்கள் கையால் தொடாதீர்கள். இப்படியான அரசாணை வரும் காலத்தில் கையிருப்பைத் தனியே பூட்டி, அளவைப் பதிவேட்டில் குறித்து வையுங்கள்.

காலாவதியான மருந்துக்கும் அதே மரியாதைதான். "பயன்படுத்தத் தகாதது" என்று எழுதி ஒட்டித் தனியே வைக்க வேண்டும். நல்ல சரக்கோடு கலந்து இருந்தால், பயன்படுத்துவதற்காக வைத்திருப்பதாகத்தான் கொள்ளப்படும்.

கரையான் வேலையில் கணக்கு

அளவு தப்புவதும் ஏமாற்றுவதும் அதிகம் நடக்கும் வேலை இது. எனவே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். புது வீட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 6313, இரண்டாம் பகுதி. கடைக்கால் குழியின் அடியிலும் பக்கங்களிலும் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல், நிரப்பு மண்ணுக்குச் சுவர்ப்பரப்பின் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர், தரை நிரப்பின் மேற்பரப்பில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர்.

30க்கு 40 அடி வீடு என்று எடுத்துக்கொள்வோம். 1200 சதுர அடி, ஏறத்தாழ 111 சதுர மீட்டர். தரை நிரப்பின் மேல் மட்டும் 555 லிட்டர் கரைசல் போக வேண்டும். குளோர்பைரிபாஸ் 20 சதவீதம் என்றால் ஒரு பங்கு மருந்துக்கு 19 பங்கு தண்ணீர் சேர்த்தால்தான் 1 சதவீதம் வரும். அப்படியானால் 28 லிட்டர் மருந்து. இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம் என்றால் லிட்டருக்கு 2.1 மில்லி, 1.2 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பைஃபென்த்ரின் 2.5 சதவீதம் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 11 லிட்டர். இது ஒரு கட்டம் மட்டுமே. குழியும் சுவரோரமும் இன்னும் பாக்கி. ஐந்து லிட்டர் குளோர்பைரிபாஸ் கேனோடு வந்து மொத்த வீட்டையும் முடித்துப் பத்தாண்டு கேரண்டி தருபவர் தருவது தண்ணீருக்கான கேரண்டி.

கட்டி முடித்த வீட்டில், சுவரும் தரையும் சேரும் கோட்டில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை, 12 மில்லிமீட்டர் விட்டம், துளைக்கு 1 லிட்டர். மண் குடிக்க மறுத்தால் நிறுத்திவிட வேண்டும்; அழுத்தினால் பக்கத்து அறையில் பொங்கி வரும். துளை போடும் முன் தரைக்கடியில் ஓடும் தண்ணீர்க் குழாயும் மின்குழாயும் எங்கே என்று வீட்டுக்காரரிடம் எழுதி வாங்குங்கள். தரைமட்டத் தண்ணீர்த் தொட்டி, அதாவது சம்ப், எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது என்பதும் அப்போதே தெரிய வேண்டும். அந்தச் சுவரில் மருந்து ஏற்றினால் குடிநீர் கெடும். கிணற்றருகிலும் அதே எச்சரிக்கை.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜாப் கார்டு எழுதுங்கள். நாள், முகவரி, பூச்சி, மருந்தின் பேரும் தொகுதி எண்ணும், எடுத்த மருந்து எத்தனை மில்லி, சேர்த்த தண்ணீர் எத்தனை லிட்டர், எந்தெந்த அறை, எத்தனை மணிக்குப் பிறகு உள்ளே வரலாம், அடித்தவர் பேர், வீட்டுக்காரர் கையெழுத்து. ஆய்வாளர் செய்யும் கணக்கு எளிமையானது: வாங்கிய பில்லைக் கூட்டி, ஜாப் கார்டில் செலவானதைக் கழித்து, அலமாரியில் இருப்பதோடு ஒப்பிடுவார். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் ஒன்று மருந்து வெளியே விற்கப்பட்டிருக்கிறது, அல்லது வேலையில் அளவு குறைக்கப்பட்டிருக்கிறது. இரண்டுமே உங்களுக்கு நல்லதல்ல.

எலி மருந்து

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலித் தொல்லைக்காகப் பெஸ்ட் கண்ட்ரோல் ஆட்கள் மருந்து வைத்துப் போன வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்தன. பெற்றோர் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். அதற்குப் பிறகுதான் பலரும் "உரிமம் இருக்கிறதா" என்றே கேட்கத் தொடங்கினார்கள். தொழிலுக்கு வருபவர் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்கலாம்.

எலி மருந்துகளை இரண்டு குடும்பமாகப் பிரித்துப் பாருங்கள். புரோமாடியலோன் போன்றவை இரத்தம் உறையாமல் செய்பவை. 0.005 சதவீதக் கட்டியாக வரும். எலி சாக மூன்று நான்கு நாளாகும். தவறுதலாகக் குழந்தை தின்றால் வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு, செயல்படவும் அவகாசம் உண்டு. இன்னொரு குடும்பம் பாஸ்பைடுகள். துத்தநாகப் பாஸ்பைடு வயிற்று அமிலத்தில் பட்டதும், அலுமினியப் பாஸ்பைடு காற்றின் ஈரம் பட்டதுமே பாஸ்பீன் வாயுவை விடும். பாஸ்பீனுக்கு மாற்று மருந்து இல்லை. ஏ.சி. போட்ட அறையில் கதவும் சன்னலும் மூடியிருக்கும். உள்காற்றே சுற்றிச் சுற்றி வரும். வயல் வரப்பில் வளைக்குள் போட வந்த ஒரு பொருள் படுக்கையறைக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆகவே வீட்டுக்குள் பாஸ்பைடு எந்த வடிவிலும் வேண்டாம். தூள் மருந்தும் வேண்டாம். கட்டி மருந்தைப் பூட்டுள்ள பெட்டிக்குள் கம்பியில் கோத்து வையுங்கள். எத்தனை கட்டி, எந்தெந்த இடம் என்று வரைபடம் போட்டு ஒரு பிரதியை வீட்டில் கொடுங்கள். சொன்ன நாளில் திரும்பிப் போய் மிச்சத்தை எடுத்து எண்ணி வாருங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் இந்தத் திரும்பிப் போகும் வேலைதான் விட்டுப்போகிறது. குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா, வளர்ப்பு நாய் இருக்கிறதா என்ற நான்கு கேள்விகளை ஜாப் கார்டிலேயே அச்சிட்டுவிட்டால் ஆள் மறந்தாலும் காகிதம் மறக்காது.

யாருக்காவது தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் என்று அழைப்பு வந்தால்: எல்லோரையும் வெளியே வரச் சொல்லுங்கள், 108ஐ அழைக்கச் சொல்லுங்கள், மருந்தின் டப்பாவையும் துண்டறிக்கையையும் எடுத்துக்கொண்டு நீங்களே மருத்துவமனைக்குப் போய் மருத்துவர் கையில் கொடுங்கள். கண்பாவையைச் சுருக்கி எச்சில் ஒழுகச் செய்யும் ஆர்கனோபாஸ்பரஸ் வகை (குளோர்பைரிபாஸ் போன்றவை) நஞ்சுக்கு அட்ரோபின் போடுவார்கள். பாஸ்பீனுக்கு அது பயன்படாது. மருத்துவர் முதல் அரைமணியில் தேடுவது "எது" என்ற பதிலைத்தான். பயந்து போனை அணைத்துவிடுவதால் அந்த அரைமணி போய்விடுகிறது.

புகையூட்டல்

மூடிய இடத்தில் நச்சு வாயுவை நிரப்பிப் பூச்சியைக் கொல்லும் வேலை இது. இதற்கான அலுமினியப் பாஸ்பைடு, மெத்தில் புரோமைடு இரண்டும் சாதாரண உரிமத்தில் வராது. விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் திறமையைச் சோதித்து, மத்திய அரசின் தாவரப் பாதுகாப்பு ஆலோசகர் சார்பில் ஒப்புதல் தர வேண்டும். அலுமினியப் பாஸ்பைடை அரசு அமைப்புகளுக்கும் உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்களுக்கும் மட்டுமே விற்கலாம். 3 கிராம் மாத்திரைகள் பத்து, இருபது கொண்ட சிறு குழாய்கள் 2001இலேயே தடை. 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் பாஸ்பீன் தரும். மெத்தில் புரோமைடு அரசு வல்லுநர் அல்லது அந்த ஆலோசகரின் ஒப்புதல் பெற்ற வல்லுநரின் மேற்பார்வையில் மட்டும். ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்பாட்டால் அது ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்கோடு பூச்சி பரவாமல் தடுக்கும் வேலைக்குச் சுருங்கிவிட்டது. தூத்துக்குடி, சென்னைத் துறைமுக வேலைக்கு அதற்கென்று தனி அங்கீகாரம் இருக்கிறது. புதியவர் இந்தப் பக்கம் மூன்று நான்கு ஆண்டு கழித்து வரலாம். மூட்டைப்பூச்சிக்கு அடுக்குமாடி வீட்டில் மாத்திரை போடச் சொல்லும் வாடிக்கையாளரை அப்படியே திருப்பி அனுப்புங்கள். வாயு சுவர் விரிசலிலும் குழாய்த் துளையிலும் புகுந்து பக்கத்து வீட்டுக்குப் போகும்.

ஆட்களின் உடல்நலம்

விதி 37ஐ யாருமே படிப்பதில்லை. மருந்தடிப்பவரை வேலையில் சேர்க்கும் முன்பும், பிறகு ஆண்டுக்கு இரண்டு முறையும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் மருந்துகள் நரம்புகள் இயங்கத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குபவை; அவற்றைக் கையாள்பவருக்கு மருத்துவர் சொல்லும்போதெல்லாம் இரத்தத்தில் அதன் அளவு பார்க்க வேண்டும். அளவு இறங்கினால் குணமாகும்வரை அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும். செலவைப் பார்த்துப் பலர் இதைத் தள்ளிப் போடுகிறார்கள். அந்த வகை மருந்துகளையே குறைத்து, ஜெல்லுக்கும் பைரித்ராய்டுக்கும் (சைபர்மெத்ரின், பைஃபென்த்ரின் வகை) மாறினால் இந்தச் சோதனையின் தேவையே குறையும் என்பது ஒரு நடைமுறை வழி.

கையுறை, காலணி, கண்ணாடி எல்லோரும் வாங்குகிறார்கள். முகக்கவசத்தில்தான் ஏமாறுகிறார்கள். துணிக்கவசமும் கைக்குட்டையும் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். வடிகட்டிக்கும் ஆயுள் உண்டு, மணம் உள்ளே வரத் தொடங்கினால் மாற்ற வேண்டும்.

காலி டப்பாவைப் பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். அது கழுவப்பட்டு மண்ணெண்ணெய்க்கோ எண்ணெய்க்கோ திரும்பி வரும். மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரை அன்றைய கரைசலிலேயே சேர்த்து, டப்பாவைத் துளையிட்டு நசுக்கி, விதிப்படி அப்புறப்படுத்த வேண்டும். கழுவிய நீர் சாக்கடைக்குப் போகக் கூடாது.

விதிகள் மாறும் திசை

1968ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றும் மசோதா 2008இல் ஒரு முறை வந்தது. 2020 மார்ச்சில் மாநிலங்களவையில் பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா மீண்டும் வைக்கப்பட்டு நிலைக்குழுவுக்குப் போனது. அந்த மசோதா உரிமமில்லாத தொழிலுக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் 40 லட்சம் ரூபாய்வரை அபராதமும் சொன்னது. பழைய சட்டத்தில் முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டுவரை சிறை, அபராதம் 10,000 முதல் 50,000 ரூபாய்வரைதான். எந்த வடிவில் புதுச் சட்டம் வந்தாலும் தண்டனை கூடும், பதிவேடு கூடும் என்றே கணக்குப் போடுங்கள்.

மருந்துப் பட்டியலும் நகர்கிறது. களைக்கொல்லியான கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டாளர்கள் மூலம் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. குளோர்பைரிபாஸ் 2025இல், எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களை ஒழிப்பதற்கான பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்பாட்டின் ஒழிப்புப் பட்டியலில், சில விலக்குகளோடு, ஏறிவிட்டது. கரையான் வேலைக்கு அதை மட்டுமே நம்பி 200 லிட்டர் வாங்கி அடுக்காதீர்கள்.

ஆய்வாளர் வந்தால்

பூச்சிக்கொல்லி ஆய்வாளர் பொருத்தமான எந்த நேரத்திலும் உள்ளே வரலாம், பதிவேட்டைக் கேட்கலாம், சந்தேகமான மருந்தின் பயன்பாட்டை 30 நாள்வரை நிறுத்தச் சொல்லலாம், மாதிரி எடுக்கலாம். தடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் மாதிரிக்கு விலை தர வேண்டும், ரசீது தர வேண்டும். மாதிரியை மூன்றாகப் பிரித்து முத்திரையிட்டு ஒரு பகுதியை உங்களிடம் விட வேண்டும். முத்திரையும் கையெழுத்தும் சரியாக இருக்கிறதா என்று அவர் முன்னாலேயே பாருங்கள். படம் எடுத்து வையுங்கள்.

ஆய்வக அறிக்கை தரக்குறைவு என்று வந்தால், அறிக்கை கையில் கிடைத்த 28 நாளுக்குள் அதை மறுத்துச் சான்று காட்டப்போவதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்போதுதான் நீதிமன்றம் வழியாக மத்தியப் பூச்சிக்கொல்லி ஆய்வகத்தின் மறு ஆய்வைக் கேட்கும் வழி திறந்திருக்கும். 29ஆம் நாள் எழுதிய கடிதத்துக்கு மதிப்பில்லை. உரிமத்தை மறுத்தாலோ ரத்து செய்தாலோ மேல்முறையீட்டுக்கு 30 நாள். நீங்கள் மருந்தைத் தயாரிப்பவர் அல்ல என்பதால், முறையான பில்லும், திறக்காத டப்பாவும், சரியாகச் சேமித்ததற்கான அடையாளங்களும் உங்கள் பக்கம் பேசும். உங்களிடம் விட்ட மாதிரியை ஏ.சி. இல்லாத காரிலோ வெயில் படும் சன்னலோரத்திலோ வைக்காமல், பிரிக்காமல், அதே முத்திரையோடு அலமாரியில் பூட்டி வையுங்கள்.